லாரன்ஸில் ஒரு ஆட்டம், 126 டாலருக்கு ஒரு கார்

முதலில் வயிற்றெரிச்சலைக் கொட்டிவிடுகிறேன். அமெரிக்காவின் கன்சாஸ் மாநிலத்து லாரன்ஸ் ஊரில் கூடைப்பந்து ஆட்டம் முடிந்து வெளியே வந்து, வீடு திரும்ப டாக்ஸி ஆப்பைத் திறந்தால் 118 டாலர் காட்டுகிறது. சாயங்காலம் ஓவர்லேண்ட் பார்க்கில் அக்கா வீட்டிலிருந்து வரும்போது அதே தூரத்துக்கு 47தான். கொஞ்சம் பொறுத்தால் இறங்கும் என்று நின்றேன். 126க்கு ஏறியது. நவம்பர் குளிரில் காது மரத்துப்போக, பல்லைக் கடித்துக்கொண்டு அழுத்தினேன். டிக்கெட்டே 58 டாலர்தான்!

சரி, விஷயத்துக்கு வருகிறேன். கன்சாஸ் பல்கலைக்கழகத்தின் ஆலன் ஃபீல்ட்ஹவுஸ் அரங்கம் கூடைப்பந்துப் பைத்தியங்களுக்கு மூலஸ்தானம் மாதிரி. 1891இல் இந்த ஆட்டத்தையே கண்டுபிடித்த ஜேம்ஸ் நெய்ஸ்மித்தான் இங்கே முதல் பயிற்சியாளர். அவர் கணக்கு 55 வெற்றி, 60 தோல்வி. இந்த அணியின் பயிற்சியாளர்களில் வெற்றியைவிடத் தோல்வி அதிகம் வைத்திருப்பவர் அவர் ஒருவர்தான். கண்டுபிடித்தவருக்கே இந்தக் கதி!

அரங்கத்தை ஒட்டிய டிப்ரூஸ் சென்டரில் அவர் எழுதிய 13 விதிகள், டைப் அடித்த இரண்டே தாள், கண்ணாடிக்குப் பின்னால் இருக்கின்றன. 2010இல் 43 லட்சம் டாலருக்கு ஏலம் போனவை. பார்க்கக் காசு கிடையாது, அதனால் இரண்டு முறை பார்த்தேன். பந்தோடு ஓடக் கூடாது என்கிறது மூன்றாவது விதி. பந்தைத் தரையில் தட்டிக்கொண்டே ஓடும் டிரிபிளிங் என்ற பேச்சே இல்லை.

உள்ளே பதினைந்தாயிரம் பேருக்கு மேல் உட்காரலாம். என் சீட் மேல் வரிசையில், முட்டி முன்னால் இருப்பவர் முதுகில் இடிக்கும். ஆனால் ஆட்டம் தொடங்கியதும் அதெல்லாம் மறந்தே போச்சு. எதிரணி வீரர்களை அறிமுகப்படுத்தும்போது மாணவர்கள் ஏதோ காலை காபி குடிப்பவர்கள் போல செய்தித்தாளை விரித்துப் படிக்கிறார்கள். தங்கள் அணியின் முறை வந்ததும் அதே பேப்பர் சுக்குநூறாகிக் காற்றில் பறக்கிறது. இந்தக் குறும்புக்கே 58 டாலர் தரலாம்.

கன்சாஸ் ரசிகர்களின் 'ராக் சாக் ஜேஹாக்' கோஷத்தை டிவியில் எத்தனையோ முறை கேட்டிருக்கிறேன். நேரில் அது கோஷமே இல்லை. சர்ச் பாட்டு போல மெதுவாக, இழுத்து, அடிவயிற்றிலிருந்து வருகிறது. பக்கத்தில் எழுபது வயதிருக்கும் ஒரு பாட்டி, என்ன ஏது என்று கேட்காமல் என் தோளில் கை போட்டுக்கொண்டு ஆடினார். நானும் ஆடினேன், வார்த்தை பாதி தெரியாமலே.

ஆட்டத்தைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. ஒருதலைப்பட்சம். எதிரணியில் ஒரு நெட்டைப் பையன், யாரும் தடுக்காமல் எறியும் ஃப்ரீ த்ரோவுக்கு நின்றான். மூன்று தடவை பந்தைத் தட்டினான், மூச்சு விட்டான், எறிந்தான். வளையத்தில்கூடப் படவில்லை. அதற்கப்புறம் அவன் கையில் பந்து வந்தபோதெல்லாம் 'ஏர் பால்' என்று மொத்தக் கூட்டமும் ராகம் போட்டது. பாவமாக இருந்தது. நானும் சேர்ந்து கத்தினேன் என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். வெற்றி உறுதியானதும் எல்லாரும் கைகளைத் தூக்கி மெல்ல அசைத்தார்கள். கோதுமை வயலில் காற்றடிப்பது மாதிரி. அந்த நிமிடம் உடம்பு சிலிர்த்தது.

எப்படிப் போவது, எங்கே சாப்பிடுவது என்று வரிசையாக எழுதத்தான் உட்கார்ந்தேன், முடியவில்லை. ஒன்று மட்டும்: மத்தியானம் 'ஜோஸ் கன்சாஸ் சிட்டி' என்ற கடையில் சாப்பிடுங்கள். பெட்ரோல் பங்குக்குள் இருக்கும் பார்பிக்யூ கடை அது. 'இசட் மேன்' சாண்ட்விச்சில் புகையில் வெந்த பிரிஸ்கெட் (மாட்டின் நெஞ்சுக்கறி), உருகிய சீஸ், மேலே மொறுமொறுவென்று இரண்டு ஆனியன் ரிங். வரிசை வாசலைத் தாண்டி நின்றாலும் திரும்பிப் போகாதீர்கள்.

வீட்டுக்கு வந்து 126 டாலர் கதையைச் சொன்னதும் அத்தான் சோபாவிலிருந்து எழுந்தே விட்டார். "என்னைக் கூப்பிட்டிருந்தா வந்து கூட்டிட்டு வந்திருப்பேன்ல!" அடுத்த ஆட்டம் எப்போது என்று இப்போதே பார்த்துவைத்திருக்கிறேன், அத்தான்.