இஞ்சம்பாக்கத்தில் ஒரு பகல்: மெழுகும் செம்பும் வாங்கிக் கொடுத்த சோழமண்டலம்

ஓவியர்களும் சிற்பிகளும் சேர்ந்து உருவாக்கிய சோழமண்டலம் ஓவியர் கிராமம், சென்னைத் திருவான்மியூர் பேருந்து நிலையத்திலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் தெற்கே சுமார் 7 கிலோமீட்டர். கொட்டிவாக்கம், பாலவாக்கம், நீலாங்கரை, வெட்டுவாங்கேணி எல்லாம் தாண்டினால் இஞ்சம்பாக்கம். நடத்துநரிடம் "சோழமண்டல்" என்று சொன்னால் போதும். பறக்கும் ரயிலில் வருகிறவர்கள் திருவான்மியூரில் இறங்கி, மாமல்லபுரம் பக்கம் போகும் பேருந்தையோ ஷேர் ஆட்டோவையோ பிடிக்கலாம். ஓவியர் கிராமம் சாலையின் கடல் பக்கம் இருக்கிறது. அதனால் சென்னையிலிருந்து வரும்போது இறங்கிய பக்கத்திலேயே உள்ளே போய்விடலாம். திரும்பும்போதுதான் சாலையைக் கடக்க வேண்டும். சனி, ஞாயிறு மாலைகளில் அது சுலபமில்லை. காலை பத்து மணிக்குப் போய் மதியம் இரண்டுக்குள் கிளம்பிவிடுவது நல்லது.

வருகிறவர்களில் பெரும்பாலோர் நேராக அருங்காட்சியகத்துக்குள் நுழைந்து, அரைமணி நேரத்தில் சுற்றி முடித்துவிட்டுக் கிளம்பிவிடுகிறார்கள். அந்த வரிசையை மாற்றிப் பாருங்கள். முதலில் கைவினைக் கடை, பிறகு சிற்பத் தோட்டம், கடைசியில் அருங்காட்சியகம். சோழமண்டலம் உருவானதும் இந்த வரிசையில்தான். இங்கே கைவினை முதலில் வந்தது, அது சம்பாதித்த காசில் நிலம் வந்தது, அந்த நிலத்தில் ஓவியம் வளர்ந்தது.

சென்னை எழும்பூரில் இன்று அரசு கவின் கலைக் கல்லூரியாக இருப்பது 1850-இல் அலெக்சாண்டர் ஹண்டர் என்ற மருத்துவர் தொடங்கிய தொழிற்கலைப் பள்ளி. 1957 முதல் 1967 வரை அதன் முதல்வராக இருந்தவர் கே.சி.எஸ். பணிக்கர். கோயம்புத்தூரில் பிறந்தவர். 1944-லேயே முற்போக்கு ஓவியர் சங்கத்தைத் தொடங்கி நடத்தியவர். அவர் கண்முன் இருந்த பிரச்சினை எளிமையானது. ஐந்தாறு வருடம் ஓவியமோ சிற்பமோ படித்து வெளியே வரும் பிள்ளைகளுக்கு அன்றைய சென்னையில் வேலை இல்லை. படம் வாங்க ஆளும் இல்லை. பம்பாயிலும் டெல்லியிலும் இருந்த அளவுக்குக் கலைக்கூடங்களோ புரவலர்களோ இங்கே இல்லை. திறமை உள்ளவர்களே விளம்பரக் கம்பெனிக்கோ, துணி வடிவமைப்புக்கோ, வேறு குமாஸ்தா வேலைக்கோ போய்விடுவார்கள்.

அதற்கு அவர் கண்ட வழி, ஓவியத்தை விற்றுத்தான் சாப்பிட வேண்டும் என்ற நிலையை இல்லாமல் செய்வது. கல்லூரி நேரம் போக மீதி நேரத்தில் கைவினைப் பொருள்கள் செய்ய வேண்டும், அவற்றை விற்க வேண்டும், ஓவியத்தை மட்டும் யாருடைய ருசிக்காகவும் வளைக்கக் கூடாது. ஓவியர்கள் கைவினைச் சங்கம் ஒன்றை அமைத்தார்கள். மெழுகால் மறைத்துச் சாயமேற்றும் பாட்டிக் துணிகள் நன்றாக விற்றன. அந்தப் பணத்தைச் சேர்த்து, அன்றைக்குச் சவுக்கும் மணலுமாகக் கிடந்த இஞ்சம்பாக்கத்தில் பத்து ஏக்கருக்கு உட்பட்ட நிலம் வாங்கினார்கள். 1966-இல் கிராமம் தொடங்கியது. ஓவியரும் சிற்பியுமாக முப்பதுக்கும் மேற்பட்டோர் சேர்ந்தனர். அரசாங்க மானியத்தை நம்பிக் கட்டியதில்லை என்பதுதான் இதன் தனிச்சிறப்பு. கோரமண்டலம் என்ற பெயருக்கே மூலமான சோழமண்டலத்தை ஊருக்குப் பெயராக வைத்தார்கள்.

ஒரு கிராமத்தையே நிறுத்திய அந்த பாட்டிக் எப்படிச் செய்யப்படுகிறது என்று தெரிந்துகொண்டு பார்த்தால், ஒவ்வொரு துண்டுத் துணியும் வேறு மாதிரித் தெரியும்.

புதுப் பருத்தித் துணியில் கஞ்சி இருக்கும். சோப்புப் போட்டுக் கொதிக்க வைத்து அதை முழுக்கப் போக்க வேண்டும், இல்லாவிட்டால் மெழுகும் இறங்காது, சாயமும் திட்டுத்திட்டாகப் பிடிக்கும். அடுத்தது மெழுகு. பாரஃபின் மெழுகு உடையும் தன்மை கொண்டது, தேன்மெழுகு வளையும். பாரஃபின் 6 பங்கு, தேன்மெழுகு 4 பங்கு என்று கலந்தால் ஓரளவு விரிசல் விழும். விரிசல் அதிகம் வேண்டுமானால் பாரஃபினைக் கூட்டுவார்கள், கோடு சுத்தமாக இருக்க வேண்டுமானால் தேன்மெழுகைக் கூட்டுவார்கள். சூடுதான் இதில் உயிர்நாடி. சுமார் 115 முதல் 120 டிகிரி செல்சியஸ் வரை இருக்கும்போது மெழுகு துணியின் மறுபக்கம் வரை ஊறி, துணி கண்ணாடிபோல் ஊடுருவித் தெரியும். சூடு குறைந்தால் மெழுகு வெண்மையாக மேலேயே படிந்துவிடும். அப்புறம் சாயத்தொட்டியில் போட்டதும் அடியில் சாயம் புகுந்து கோடு கெடும். சூடு மிஞ்சினால் தூரிகையிலிருந்து மெழுகு தண்ணீர்போல் பரவி முகத்துக்கு வைத்த கோடு கழுத்துக்குப் போய்விடும். புகை கிளம்பினால் உடனே இறக்கிவிட வேண்டும். மெழுகு தீப்பிடித்தால் தண்ணீர் ஊற்றக் கூடாது, மூடி போட்டு அணைக்க வேண்டும்.

சாயம் எப்போதும் வெளிரிலிருந்து அடர்த்திக்குப் போகும். வெள்ளையாக நிற்க வேண்டிய இடங்களை முதலில் மெழுகால் மூடுவார்கள். மஞ்சளில் முக்கிக் காயவைப்பார்கள். மஞ்சளாக நிற்க வேண்டியதை மூடிச் சிவப்பில் முக்குவார்கள். கடைசியில் கறுப்பு அல்லது கருநீலம். மஞ்சள் மேல் நீலம் ஏறினால் பச்சை என்பதை முன்கூட்டியே மனத்தில் கணக்குப் போட்டிருக்க வேண்டும், ஏனென்றால் போட்ட சாயத்தைத் திரும்ப எடுக்க முடியாது. சாயத் தண்ணீர் சூடாக இருந்தால் மெழுகு இளகிவிடும். அதனால் கை பொறுக்கும் இளஞ்சூட்டுக்கு மேல் போகக் கூடாது. கடைசித் தொட்டிக்கு முன்னால் துணியை லேசாகக் கசக்கினால் மெழுகு உடைந்து, அந்த வெடிப்புகளில் சாயம் புகுந்து நரம்பு நரம்பாக ஓடும். பாட்டிக்கின் கையெழுத்து அதுதான். வெயில் ஏறிய வேளையில் கசக்கினால் மெழுகு உடையாமல் வளைந்துகொடுக்கும். காலைக் குளிர்ச்சியிலோ, குளிர்ந்த தண்ணீரில் முக்கி எடுத்தோ கசக்குவார்கள்.

முடிவில் சோடா உப்பு கலந்த கொதிநீரில் போட்டால் மெழுகு மிதந்து வரும். தண்ணீர் ஆறியதும் மேலே ஆடைபோல் கட்டும், அதை எடுத்து மறுபடி உருக்கிக்கொள்ளலாம். அந்தத் தண்ணீரைச் சூட்டோடு சாக்கடையில் கொட்டினால் குழாயில் மெழுகு இறுகி அடைத்துக்கொள்ளும். பட்டுத் துணிக்குச் சோடா ஆகாது, மென்மையான சோப்புதான்.

கடையில் வாங்கும்போது துணியைப் புரட்டிப் பாருங்கள். கையால் செய்த பாட்டிக்கில் விரிசல் கோடுகள் இரு பக்கமும் ஏறக்குறைய ஒரே அழுத்தத்தில் இருக்கும், ஓர் இடத்தில் விழுந்த விரிசல் இன்னோர் இடத்தில் அப்படியே திரும்ப வராது. ஒரே நரம்புக்கோடு ஒரு முழத்துக்கு ஒருமுறை வந்தால் அது அச்சு. பின்பக்கம் வெளுத்திருந்தாலும் அச்சுதான். வீட்டில் வெயில் நேரே படும் சுவரில் மாட்டாதீர்கள்.

துணிக்கு அடுத்து இங்கே கவனிக்க வேண்டியது உலோகம். செம்புத் தகட்டைப் பழுக்கக் காய்ச்சி, தண்ணீரில் அமிழ்த்தி இளக்கி, அரக்குப் படுகையில் பதித்துப் பின்பக்கமிருந்து தட்டிப் புடைக்க வைப்பார்கள். பிறகு முன்பக்கம் திருப்பி உளியால் கோடு செதுக்குவார்கள். தஞ்சாவூர்த் தட்டு செய்கிறவர்களின் கையில் இருக்கும் வேலைக்கு இது பங்காளி. தட்டத் தட்டச் செம்பு விறைத்துக்கொண்டே போகும். இடையிடையே மறுபடி காய்ச்சாவிட்டால் மூக்கு நுனி, விரல் நுனி போன்ற உயரமான இடங்களில் தகடு கீறிவிடும். சிற்பி பி.வி. ஜானகிராம் தகட்டிலிருந்து முழுச் சிற்பத்தையே எழுப்பினார். பணிக்கரின் மகன் எஸ். நந்தகோபால் (1946–2017) செம்பையும் பித்தளையையும் பற்றவைத்து, முன்னாலிருந்து பார்ப்பதற்கென்றே உயர்ந்து நிற்கும் உருவங்களைச் செய்தார். கோயில் திருவாசியும் வாகனமும் நினைவுக்கு வரும். அதைச் சுற்றிவந்து தேடாதீர்கள், எதிரே பத்தடி தள்ளி நில்லுங்கள். வயிற்றுக்காகத் தகடு தட்டிய கைகள், தட்டத் தட்டத் தங்கள் கலைமொழியையும் அங்கேயே கண்டெடுத்திருக்கின்றன. சோழமண்டலத்தின் பெரிய கொடை இதுதான் என்று தோன்றுகிறது. பிழைப்புக்கான வேலையையும் கலையையும் பிரித்து வைக்க நினைத்தார்கள், ஆனால் இரண்டும் ஒன்றுக்கொன்று கற்றுக்கொடுத்துவிட்டன.

தோட்டத்தில் கருங்கல் சிற்பங்களைத் தொட்டுப் பார்க்கலாம் போலிருக்கும். உலோகத்தைத் தொடாதீர்கள். கடல் உப்புக் காற்றும் கைவியர்வையும் சேர்ந்தால் செம்பில் களிம்பு ஏறும், இரும்பு துருப்பிடித்துப் பொரியும்.

இனி அருங்காட்சியகம். 2009-இல் திறக்கப்பட்ட சோழமண்டலம் சமகாலக் கலை மையத்தில், மெட்ராஸ் கலை இயக்கம் என்று சொல்லப்படும் தலைமுறையின் படைப்புகள் நிரந்தரமாக இருக்கின்றன. இண்டிகோ, லேபர்னம் என்ற இரண்டு கூடங்களில் வெளியாருடைய கண்காட்சிகள் மாறிமாறி நடக்கும். சிறு நுழைவுக் கட்டணம் உண்டு. கண்காட்சி மாற்றும் நாள்களில் கூடங்கள் மூடியிருக்கலாம், கிளம்புவதற்கு முன்னால் கேட்டுக்கொள்வது நல்லது.

பணிக்கரின் 'சொற்களும் குறியீடுகளும்' வரிசைப் படங்களுக்கு முன்னால் கொஞ்சம் நேரம் கொடுங்கள். 1963-இல் தொடங்கியது அந்த வரிசை. மலையாள எழுத்துப் போலவே இருக்கும், ஆனால் வாசிக்க வராது. நடுவில் கணக்குச் சூத்திரங்கள், ராசிக் கட்டங்கள், மீன், பறவை. நம் வீட்டு ஜாதக நோட்டில் கட்டம் போட்டு எழுதியிருக்கும் அந்தப் பக்கத்தின் அழகை, அதன் பலனை எல்லாம் நீக்கிவிட்டு, கண்ணுக்கு மட்டும் எடுத்து வைத்ததுபோல் இருக்கும். வாசிக்க முயலும் மனம் தோற்றுப்போன பிறகுதான் நிறமும் கோடும் தெரியத் தொடங்கும். அதற்குச் சில நிமிடங்கள் ஆகும்.

கே. ராமானுஜத்தின் மைக் கோட்டோவியங்கள் இன்னொரு உலகம். தொப்பி வைத்த ஒரு மனிதர், அவரே தான். அவரைச் சுற்றி அடுக்கடுக்கான மாளிகைகள், பறக்கும் மிருகங்கள், பாம்புகள், பெண்கள். விரல் நுனி அளவு இடத்தில் எத்தனை கோடுகள் என்று குனிந்து எண்ணிப் பாருங்கள். இந்தக் கிராமத்தில் வாழ்ந்து 1973-இல், முப்பதுகளின் தொடக்கத்திலேயே மறைந்தவர். வேறெங்கும் வேலைக்குப் பொருந்தியிருக்க முடியாத ஒருவருக்கு ஒரு கூரையும் மேசையும் கொடுத்ததற்காகவே இந்த இடத்துக்கு நன்றி சொல்லலாம்.

ஜே. சுல்தான் அலி, எம். சேனாதிபதி, எஸ்.ஜி. வாசுதேவ், அர்னவாஸ், பி. கோபிநாத், கே.வி. ஹரிதாசன் என்று இங்கே வேலை செய்தவர்களின் பட்டியல் நீளும். பணிக்கரின் காலத்தில் முற்போக்கு ஓவியர் சங்கம் 1961 முதல் 'ஆர்ட்ரெண்ட்ஸ்' என்ற ஆங்கிலக் கலை இதழும் நடத்தியது. கிராமத்தின் திறந்தவெளி அரங்குக்குப் பாரதி பெயர். வெளியூர், வெளிநாட்டுக் கலைஞர்கள் தங்கி வேலை செய்ய இங்கே இடம் தரும் வழக்கமும் உண்டு.

பணிக்கர் 1977-இல் காலமானார். முதல் தலைமுறையில் பலர் இப்போது இல்லை. ஓவியரின் பிள்ளை ஓவியராகத்தான் இருக்க வேண்டும் என்று எந்தச் சங்கமும் விதி போட முடியாது. யாரும் சீண்டாத மணல்மேடாக வாங்கிய நிலம் இன்று கிழக்குக் கடற்கரைச் சாலையின் விலை உயர்ந்த மனைகளுக்கு நடுவே இருக்கிறது. கிராமத்துத் தெருக்களில் நடக்கும்போது இந்தக் கவலை எழாமல் இருக்காது. அந்த வீடுகள் குடும்பங்கள் வாழும் வீடுகள். வாசலில் சிற்பம் இருக்கிறதே என்று உள்ளே போய்விடாதீர்கள். முன் அலுவலகத்தில் கேட்டால், பட்டறையைக் காட்டச் சம்மதிக்கும் ஓவியர் யாராவது அன்று இருக்கிறாரா என்று சொல்வார்கள். படம் எடுப்பதற்கும் கேட்டுக்கொள்ளுங்கள்.

காகிதத்தில் வரைந்த படம் வாங்கினால் ஒரு குறிப்பு. சென்னைக் காற்றின் ஈரத்தில் காகிதம் கண்ணாடியோடு ஒட்டினால் பூஞ்சை பிடித்துப் பழுப்புப் புள்ளிகள் விழும். சட்டம் போடும் கடையில், கண்ணாடிக்கும் படத்துக்கும் இடையே அட்டை வைத்து இடைவெளி விடச் சொல்லுங்கள். அமிலமில்லாத அட்டையாக இருக்கட்டும். மழை நேரே அடிக்கும் வெளிச்சுவரில் மாட்டாமல் உள்சுவரில் மாட்டுங்கள். சுருட்டி எடுத்துப் போவதானால் வரைந்த பக்கம் வெளியே இருக்கும்படி, அகலமான குழாயில்.

நேரம் மிச்சமிருந்தால் அதே சாலையில் தெற்கே முட்டுக்காட்டில் தட்சிணசித்ரா இருக்கிறது. அங்கே நெசவும் மண்பாண்டமும் கண்ணெதிரே நடக்கும். இன்னொரு நாள் எழும்பூருக்கும் போய்வாருங்கள், பெரியார் ஈ.வெ.ரா. நெடுஞ்சாலையில் அந்தக் கல்லூரி இன்றும் மாணவர்களோடு நடக்கிறது.