மூன்று பாட்டில் மோசல் ஒயினும் ஒரு கமாவும்

ஜெர்மனியில் மோசல் ஆற்றுப் பக்கம் சின்ன ஒயின் பண்ணைக்குப் போகிற யோசனை இருந்தால், முதலில் போன் பண்ணிப் பேசி நேரம் வாங்கிக்கொள்ளுங்கள். போன் மேப்பில் 'திறந்திருக்கிறது' என்று பச்சை எழுத்தில் காட்டுவதை நம்பிக் கிளம்ப வேண்டாம். அந்தப் பச்சை எழுத்தால் எனக்கு ஒரு சனிக்கிழமை முழுசாகப் போய்விட்டது.

கொலோனிலிருந்து கோப்ளென்ஸ் வழியாக விட்லிச் வரை ரயில். டாய்ச்லாண்ட் டிக்கெட் (ஜெர்மனி முழுக்க உள்ளூர் ரயில், பஸ்ஸுக்கான மாதச் சீட்டு) இருந்தால் தனியாக எதுவும் எடுக்க வேண்டியதில்லை. ஆனால் விட்லிச் முதன்மை ரயில் நிலையம் விட்லிச் ஊருக்குள் இல்லை, வெளியே வெங்கரோரில் இருக்கிறது. ஆற்றோரக் கிராமங்களுக்கு அங்கிருந்து பஸ்தான். பெர்ன்காஸ்டல் பக்கத்துக் கிராமங்களில் ரயிலே கிடையாது. வார இறுதியில் பஸ்ஸும் எப்போதாவதுதான். ஒன்றை விட்டால் அடுத்ததற்குக் காத்துக் கிடக்க வேண்டும்.

நான் போனது செப்டம்பர் கடைசி. கேட் பூட்டியிருந்தது. அறுவடை நடக்கிறது, எல்லோரும் மேலே இருக்கிறோம் என்று ஒரு துண்டுக் காகிதம் ஒட்டியிருந்தார்கள். அண்ணாந்து பார்த்தால் சரிவில் புள்ளி புள்ளியாக ஆட்கள் தெரிகிறார்கள். கூப்பிட்டால் கேட்கிற தூரம் இல்லை. குடும்பமே சேர்ந்து நடத்துகிற பண்ணைகளில் அறுவடைக் காலத்தில் ஒயின் ஊற்றிக்கொடுக்க ஆள் இருக்காது. செப்டம்பர், அக்டோபரைத் தவிர்த்துவிடுங்கள்.

நவம்பரில் போன் பண்ணினேன். எடுத்த அம்மா உடனே நேரம் கொடுத்தார், பணமாகக் கொண்டு வரச் சொன்னார். கார்டு வாங்குவதில்லை. ஏடிஎம் பாலம் தாண்டி அடுத்த ஊரில் இருக்கிறது. அதனால் கிளம்பும்போதே எடுத்துக்கொள்ளுங்கள்.

கடைசியில் உள்ளே போனபோது, அவர் பாட்டிலைத் திறப்பதற்கு முன்னால் மலைக்குக் கூட்டிப் போனார். காலடியில் மண் என்று பெரிதாக எதுவும் இல்லை. எல்லாம் சாம்பல் நீலப் பலகைக்கல் சில்லுகள். சுமார் 40 கோடி வருடப் பழைய கல். பகலில் வாங்கிய வெயிலை இரவில் கொடிக்கு விடுகிறது. இவ்வளவு வடக்கே, இவ்வளவு குளிரில் ரீஸ்லிங் என்ற வெள்ளைத் திராட்சை பழுப்பதற்கு இந்தக் கல்லும், தெற்குப் பார்த்த சரிவும், கீழே ஓடுகிற ஆறும்தான் காரணம். ஒவ்வொரு கொடிக்கும் தனிக் கம்பம். கிளைகளை வளைத்து இதய வடிவில் கட்டியிருக்கிறார்கள். வரிசையாகக் கம்பி இழுத்தால் சரிவில் குறுக்கே நடக்க முடியாதாம். டிராக்டர் ஏறாது. ஒற்றைத் தண்டவாளத்தில் பல்சக்கரம் கடித்து ஏறுகிற ஒரு சின்ன வண்டிதான் கூடைகளையும் ஆட்களையும் சுமக்கிறது. அதுவும் போகாத இடத்தில் முதுகில்தான் சுமை. பிரெம் ஊரில் உள்ள கால்மோன்ட் சரிவு சில இடங்களில் 65 டிகிரி வரை போகிறது. இது அவ்வளவு இல்லை, ஆனாலும் இறங்கும்போது கம்பங்களைப் பிடித்துக்கொண்டுதான் இறங்கினேன். இப்படி உழைத்து எடுக்கிற ஒயின் பாட்டில் 12 யூரோ என்றால் அது கொள்ளை மலிவு. பேரம் பேசாதீர்கள்.

திரும்பும் வழியில் நேரம் இருந்தால் வேலன் ஊரில் இறங்கிப் பாருங்கள். எதிர்ச்சரிவில், கொடிகளுக்கு நடுவே, 1842-இல் கட்டிய சூரியக் கடிகாரம் ஆற்றுக்கு இந்தப் பக்கத்திலிருந்தே தெரியும்.

ருசி பார்க்கும்போது நம்மவர்கள் குழம்புகிற இடம் லேபிள். காபினெட், ஸ்பேட்லேஸே, அவுஸ்லேஸே என்பதெல்லாம் பறிக்கும்போது பழம் எவ்வளவு பழுத்திருந்தது என்பதற்கான படிகள். ஸ்பேட்லேஸே என்று பார்த்ததும் இனிப்பு என்று முடிவு கட்ட வேண்டாம், ஸ்பேட்லேஸே ட்ராக்கன் என்று இனிப்பே தெரியாததும் உண்டு. சுலபமான வழி, ஆல்கஹால் அளவைப் பார்ப்பது. 8 சதவீதம் பக்கம் இருந்தால் சர்க்கரை மிச்சம் இருக்கிறது, 12-ஐத் தொட்டால் பெரும்பாலும் ட்ராக்கன். நம்ம ஊர் காரச் சாப்பாட்டுக்கு அந்த 8 சதவீத காபினெட் அருமையாகப் பொருந்தும். அத்தானுக்கு அதைத்தான் எடுத்தேன்.

இனி ஊருக்குக் கொண்டு போகிற பாடு.

இந்தியாவுக்குள் ஒரு ஆளுக்கு 2 லிட்டர் வரை வரியில்லாமல் கொண்டு வரலாம். அதற்கு மேல் போனால் மிச்ச ஒயினுக்கு அதன் விலையைத் தாண்டி வரி விழும். விமானத்தில் சிக்கல் இல்லை. 24 சதவீதத்துக்குக் குறைவான மதுவுக்கு செக்-இன் பெட்டியில் தனி அளவுக் கட்டுப்பாடு கிடையாது. நான் கணக்குப் பார்த்துத்தான் வாங்கினேன். முக்கால் லிட்டர் காபினெட் இரண்டு, 375 மில்லி அவுஸ்லேஸே ஒன்று. மொத்தம் 1.875 லிட்டர்.

இறங்கிய இடத்தில் பெட்டி ஸ்கேனில் மாட்டியது. அதிகாரி திறந்து பார்த்தார், மூன்று பாட்டில் என்று எண்ணினார், முடிவும் பண்ணிவிட்டார்.

"மூணு முக்கால் ரெண்டே கால் லிட்டர். கால் லிட்டருக்கு டியூட்டி கட்டுங்க."

"சார், ஒண்ணு சின்ன பாட்டில். லேபிளைப் பாருங்க."

லேபிளில் 0,375 l என்று இருக்கிறது. ஜெர்மனியில் தசமப் புள்ளிக்குப் பதில் கமா போடுவார்கள். அவர், "இதுல பாயின்ட் எங்க இருக்கு? இது என்ன அளவுன்னு எப்படித் தெரியும்? பில்லைக் காட்டுங்க" என்றார். பண்ணையில் கொடுத்தது கையால் எழுதிய ரசீது. ஒயின் பெயரும் விலையும் மட்டும்தான் அதில். அளவு இல்லை. இரண்டு பாட்டிலையும் பக்கத்தில் வைத்துக் காட்டினேன். உருவத்திலேயே வித்தியாசம் தெரிகிறது. அப்போதும் "பில்லுல இல்லையே" என்பதுதான் பதில். பின்னால் வரிசை நீள, என்னை ஓரமாக நிற்க வைத்தார்கள். அந்த நேரம் முழுக்க யாரும் அந்த லேபிளை இரண்டாவது முறை படிக்கவில்லை என்பது இன்னும் ஆறவில்லை.

அப்புறம் ஒரு மூத்த அதிகாரி வந்தார். அவரிடம் அளவைப் பற்றிப் பேசவே இல்லை. காபினெட் பாட்டிலில் ஆல்கஹால் அளவைக் காட்டினேன்: 7,5 சதவீதம். "சார், இந்த கமா புள்ளி இல்லைன்னா இது 75 சதவீதம் ஆகிடும். ஒயின்ல அப்படி இருக்குமா?" அவர் லேபிளை ஒரு தடவை பார்த்தார், சின்ன பாட்டிலையும் கையில் எடுத்துப் பார்த்தார், "அனுப்புங்க" என்றார்.

அதனால் பணம் கொடுக்கும்போதே, ரசீதில் ஒவ்வொரு பாட்டிலுக்கும் எதிரே மில்லி கணக்கில் அளவை எழுதித் தரச் சொல்லுங்கள். பண்ணையின் முத்திரையும் இருக்கட்டும். லேபிளைப் போனில் படம் எடுத்துவைத்துக்கொண்டால் பெட்டியைக் கலைக்காமலே காட்டலாம். முழு பாட்டில் மூன்று வாங்கினால் 2 லிட்டரைத் தாண்டிவிடும், அதில் வாதாட இடமே இல்லை. இனிப்பான ஒயின்களைச் சில பண்ணைகள் அரை லிட்டர் பாட்டிலிலும் அடைக்கிறார்கள். அப்படி நான்கு எடுத்தால் சரியாக 2 லிட்டர். நான் போன இடத்தில் அது இல்லை, நீங்கள் போன் பண்ணும்போதே கேட்டுவிடுங்கள்.