ஒயில் கருகும் வாடை

நுவரெலியாப் பக்கம், றம்பொடை ஏற்றத்தில், செக்கன்ட் கியரில், காருக்குள் திடீரென்று ஒயில் கருகும் வாடை. பின் சீட்டில் அம்மா.

ஓரங்கட்டி பொனட்டைத் திறந்தேன். லேசான நீலப்புகை. நிலத்தில் ஒரு சொட்டும் இல்லை.

கராஜ் பாஸ் டோர்ச் அடித்துக் காட்டினார். என்ஜினை மேலே மூடும் டெப்பட் கவர் ஓரத்தில் ஈரமாக ஒரு கோடு. அது வழிந்து, என்ஜின் புகை வெளியேறும், கொதிக்கிற எக்ஸோஸ்ட் மெனிபோல்டில் விழுந்து அங்கேயே எரிகிறது. அப்புறம் நிலத்தில் எப்படிச் சொட்டும்?

"பெக்கிங் காய்ஞ்சு போச்சு தம்பி" என்று கையில் தந்தார். வளைத்ததும் பப்படம் மாதிரி உடைந்தது. இந்த ரப்பர் துண்டுதான் இத்தனை நாள் ஒயிலைப் பிடித்து வைத்திருந்ததா!

புதுசு போட்டு, ஒயிலும் நிரப்பினார்.

மலை ரோட்டில் ஏறுகிறவர்களே, அந்த வாடை வந்தால் தயவுசெய்து நிறுத்தி, ஒயில் அளவு காட்டும் டிப்ஸ்டிக்கைப் பாருங்கள். தீப்பிடிக்கவும் கூடும்.

திரும்பும்போது கண்ணாடியை இறக்கினேன். ஃபெக்டரிப் பக்கமிருந்து தேயிலை வாசம் மட்டும்.