புஸ்வாணம் ஆன புஸ்வாணம்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், தேங்காய் பர்ஃபி எனக்கு நன்றாகவே வரும். கிளறி, தட்டில் கொட்டி, துண்டு போட்டு விட்டிருந்தால் 2024 தீபாவளி எங்கள் வீட்டில் எல்லா தீபாவளியையும் போலப் போயிருக்கும்.

அந்த வருஷம் டெல்லியில் அக்டோபர் பாதியிலேயே பட்டாசுத் தடை வந்துவிட்டது. தயாரிக்க, வைத்திருக்க, விற்க, வெடிக்க எதுவும் கூடாது, ஜனவரி 1 வரை. தடை என்று பெயர்தான், மயூர் விஹாரில் எங்கள் பிளாக்கில் தீபாவளிக்கு நாலு நாள் முன்பே சரம் சரமாக வெடித்துக்கொண்டிருந்தார்கள். ஆனால் பையனுக்கு வீசிங் உண்டு, அதனால் எங்கள் வீட்டில் தடை அரசாங்கத் தடையைவிடக் கறார். ஒன்பது வயதுக்காரன் விடுவானா? "பசுமைப் பட்டாசு கூடவா வேண்டாம்?" என்றான். அதுவும் அந்த வருஷம் கூடாது. (அந்தப் பெயரே ஒரு வேடிக்கை. வாணத்தில் பச்சை வெளிச்சத்துக்குப் பொதுவாகப் போடுவது பேரியம் உப்பு, அதைத்தான் 2018இல் உச்ச நீதிமன்றம் வேண்டாம் என்றது. இதை விளக்கப் போனேன், அவன் காதில் வாங்கவில்லை.)

அவன் முகத்தைப் பார்க்கச் சகிக்காமல் வாயை விட்டுவிட்டேன். "டேய், சாப்பிடற புஸ்வாணம் பண்ணித் தரேன். நிஜமாவே பொங்கும்."

திட்டம் என்னவோ பிரமாதம்தான். பிள்ளையார் சதுர்த்திக்கு ஐ.என்.ஏ. மார்க்கெட்டில் வாங்கிய பிளாஸ்டிக் கொழுக்கட்டை அச்சு இருந்தது. கொழுக்கட்டையும் புஸ்வாணமும் ஒரே ஜாடைதானே? அச்சுக்குள் பூரணத்துக்கு இடம் விட்டு பர்ஃபியை அப்ப வேண்டியது, மூக்கு நுனியைக் கிள்ளி ஓட்டை போட வேண்டியது, உள்ளே பொடித்த சர்க்கரையோடு எலுமிச்சை உப்பும் சமையல் சோடாவும் கலந்து அடைத்து அடியை மூட வேண்டியது. மேலிருந்து ஒரு ஸ்பூன் தண்ணீர் விட்டால் இரண்டும் கலந்து நுரைத்துக்கொண்டு வரும். எலுமிச்சை உப்பை இங்கே மளிகைக் கடையில் நிம்பு சத் என்று கேட்க வேண்டும், சோடாவை மீட்டா சோடா என்று. மீட்டா என்றால் இனிப்பாம். அந்தப் பெயரை வைத்தவரை நான் ஒரு நாள் சந்திக்க வேண்டும்.

30ஆம் தேதி ராத்திரி பத்து மணிக்கு ஒத்திகை. சுடச்சுடச் செய்த முதல் பர்ஃபியில் பொடியை அடைத்து ஒரு ஸ்பூன் தண்ணீர் விட்டேன். புஸ்ஸென்று வெள்ளை நுரை மூக்கு வழியாகக் குமிழி விட்டுக் கிளம்பி, அச்சின் வரிவரியான மடிப்புகளில் இறங்கித் தட்டு வரை வழிந்தது. பையன் விரலால் தொட்டுப் பார்த்து, "அப்பா, ஜில்லுனு இருக்கு!" என்று குதித்தான். (அந்தக் கலவை வெப்பத்தை உறிஞ்சிக்கொள்ளும், அதனால்தான் அந்த ஜில்.) இவ்வளவோடு நிறுத்தியிருக்கலாம். அம்மா ஹாலிலிருந்து, "ஏண்டா, தின்ற பண்டத்துல எதுக்குடா நுரை?" என்று கேட்டபோதாவது நிறுத்தியிருக்கலாம்.

நான் முன்னேற்றம் செய்ய ஆரம்பித்தேன். மூன்று பங்கு எலுமிச்சை உப்புக்கு நாலு பங்கு சோடா, எடை போட்டால் இதுதான் சரியான கணக்கு, மிச்சம் மீதி இல்லாமல் இரண்டும் தீரும். நன்றாகப் பொங்கட்டுமே என்று சோடாவை இரண்டு மடங்காக்கினேன். தீப்பொறி நிறத்துக்கு ஒரு சிட்டிகை மஞ்சள் தூள். அச்சில் விரிசல் விடாமல் அழுந்த வேண்டுமே என்று பர்ஃபியை இறுகும் முன்னாலேயே அடுப்பிலிருந்து இறக்கினேன். இருபத்தொரு புஸ்வாணம். ராத்திரியே பொடி அடைத்து, அடி மூடி, எவர்சில்வர் சம்படத்தில் வரிசையாக வைத்து, பத்திரமாக இருக்கட்டும் என்று ஃபிரிட்ஜில் வைத்தேன்.

காலை நாலரைக்கு எண்ணெய் தேய்த்துக் குளித்து, புது வேட்டி கட்டிக்கொண்டு, சாமிக்கு வைக்கலாம் என்று சம்படத்தைத் திறந்தேன்.

தளரக் கிளறிய பர்ஃபியின் ஈரம் ராத்திரி முழுக்கப் பொடிக்குள் இறங்கி வேலை பார்த்திருந்தது. பாதிப் புஸ்வாணங்கள் வயிறு வெடித்து, மீதிப் பாதி மூக்கு வழியாகச் சிந்தி, எல்லாம் சேர்ந்து அடியில் ஒரு குளம். குளம் மஞ்சளாக இருந்திருந்தால்கூடப் பரவாயில்லை. மிஞ்சிய சோடா மஞ்சளோடு சேர்ந்து அதைக் குங்குமச் சிவப்பாக்கி வைத்திருந்தது. அம்மா எட்டிப் பார்த்துவிட்டு, "என்னடா, ஆரத்தி கரைச்சு வச்சிருக்க?" என்றாள். அம்மாவுக்குக் கெமிஸ்ட்ரி தெரியாது என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். மஞ்சளில் சுண்ணாம்பு போட்டால் என்ன ஆகும் என்பதை ஐம்பது வருஷமாகக் கரைத்துப் பார்த்தவள் அவள், இங்கே சுண்ணாம்புக்குப் பதில் சோடா, அவ்வளவுதான். நான் அவசரமாகச் சம்படத்தைச் சாய்க்க, அந்த ஆரத்தி புது வேட்டியின் கரையில் கொட்டியது. மனைவி ஒன்றும் சொல்லவில்லை. வேட்டியைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், காபி போடப் போய்விட்டாள்.

உருவம் கெடாமல் தேறியது நாலு. சாயங்காலம் மாடி வீட்டு பஞ்சாபி ஆன்ட்டி மிட்டாய்ப் பெட்டியோடு வந்தார், பையன் அதற்குள் அவர்கள் வீட்டுப் பிள்ளைகளிடம் எல்லாம் சொல்லி வைத்திருந்ததால் பின்னாலேயே ஐந்தாறு வாண்டுகள். விளக்கை அணைக்கச் சொன்னான். அணைத்தோம். தண்ணீர் விட்டேன். ஒரே ஒரு குமிழி, பெருமூச்சு விடுகிற மாதிரி வந்து உடைந்தது. அடுத்ததில் அதுவும் இல்லை. பேச்சுக்குச் சொல்வோமே எல்லாம் புஸ்வாணமாகிவிட்டது என்று, அதை நான் கண்ணெதிரே தட்டில் வைத்துக் காட்டினேன்.

ஆன்ட்டி பெரிய மனசுக்காரர், ஒன்றை எடுத்துக் கடித்தார். அவர் முகத்தில் என்னென்ன நடந்தது என்று நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். முதலில் தேங்காய், அப்புறம் உப்பு, கடைசியில் துணி சோப்பு. "அச்சா ஹை," என்றார், கொஞ்சம் நேரம் எடுத்துக்கொண்டு, "தோடா நம்கீன் ஹை." நன்றாக இருக்கிறதாம், கொஞ்சம் உப்புக் கரிக்கிறதாம். தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்தார். நானும் ஒன்றைத் தின்றேன், யாராவது தின்னத்தானே வேண்டும். ராத்திரி அம்மா ஒன்றும் பேசாமல் தீபாவளி லேகியத்தை நெல்லிக்காய் அளவு உருட்டி உள்ளங்கையில் வைத்தாள். கண்டந்திப்பிலிக் காரம் தொண்டையில் இறங்கின பிறகுதான் அந்தச் சோப்பு வாசனை போயிற்று.

பையன் அழவில்லை. "அப்பா, நேத்து ராத்திரி பண்ணினது மட்டும் சூப்பர்" என்றான். அது ஆறுதலா கிண்டலா என்று எனக்கு இன்னும் தெரியவில்லை.

அடைத்தது போக மிச்சப் பொடி ஒரு டப்பா நிறைய இருந்தது. மறுநாள் காலையில் சமையலறையிலிருந்து அம்மா கூப்பிட்டாள். பட்சண எண்ணெய்ப் பிசுக்கில் சிங்க் அடைத்துக்கொண்டு தண்ணீர் இறங்காமல் நின்றிருக்கிறது, அந்த டப்பாவை அப்படியே அதில் கவிழ்த்திருக்கிறாள். நாங்கள் ஓடிப்போய்ப் பார்த்தபோது நுரை சிங்க் விளிம்பு வரைக்கும் ஏறியிருந்தது. பையன் சமையலறை விளக்கை அணைத்துவிட்டுக் கைதட்டினான்.

"இதாண்டா புஸ்வாணம்" என்றாள் அம்மா.