பன்னிரண்டு மணி

"பன்னிரண்டுன்னு சொன்னது யாரு தம்பி, நீயா நானா?" என்று அண்ணன் கேட்டது கூட்டம் முடிந்து லிஃப்டுக்காக நின்றபோது. நான்தான் என்றேன். கீழே இறங்கும்வரை இருவரும் பேசவில்லை. இரண்டு வருடம் ஆகப்போகிறது. அவருடைய பாருக்கு மது உரிமம் கிடைத்தது, கடையும் ஓடுகிறது. கேள்வி மட்டும் இன்னும் லிஃப்ட் வாசலிலேயே நிற்கிறது.

நியூயார்க்கில் மது உரிமம் தருவது மாநில ஆணையம். ஆனால் விண்ணப்பிப்பதற்கு 30 நாள் முன்பே அந்தப் பகுதி கம்யூனிட்டி போர்டுக்கு அறிவிப்பு போக வேண்டும். நகரத்தில் மொத்தம் 59 போர்டுகள், உறுப்பினர்கள் எல்லாம் சம்பளமில்லாத உள்ளூர்க்காரர்கள். கடைக்காரரைக் கூப்பிட்டு விசாரித்து, அக்கம்பக்கத்தாரையும் கேட்டு, கொடுக்கலாமா கூடாதா என்று ஆணையத்துக்கு எழுதுவார்கள். வெறும் பரிந்துரைதான். அந்த வெறும் பரிந்துரைக்காக ஆட்களைத் தயார்செய்து கூட்டிப்போவதில்தான் என் பிழைப்பு ஓடுகிறது.

அண்ணன் பார்த்திருந்த இடத்தில் இரண்டு சிக்கல். அதே தெருவில் ஒரு தேவாலயம். வழிபாட்டு இடமாகவோ பள்ளிக்கூடமாகவோ மட்டும் பயன்படும் கட்டடம் அதே தெருவில் 200 அடிக்குள் இருந்தால் முழு மது உரிமம் கிடையாது. வாசலின் நடுவிலிருந்து வாசலின் நடுவுக்கு நேர்கோட்டில் அளக்க வேண்டும். அளவுச் சக்கரத்தை மூன்று தரம் உருட்டினேன், 231 அடி வந்தது. பிழைத்தோம். இரண்டாவது, 500 அடிக்குள் ஏற்கெனவே மூன்று முழு உரிமங்கள் இருந்தால், புதிதாக வருகிற கடையால் பொதுநலன் என்ன என்று ஆணையத்தின் விசாரணையில் காட்டியாக வேண்டும். அண்ணனைச் சுற்றி ஏழு. பீர், ஒயினோடு நிறுத்திக்கொண்டால் இந்த இரண்டு தொல்லையுமே இல்லை என்று சொல்லிப் பார்த்தேன். "விஸ்கி இல்லாம என்ன பாரு?" என்றார். நியாயம்தான்.

சட்டப்படி இந்த நகரத்தில் விடிகாலை நாலு மணிவரை ஊற்றலாம். நாங்கள் கேட்டது இரண்டு மணி. போர்டின் உட்குழுக் கூட்டத்தில் மூன்றாவது மாடிப் பெண் ஒருவர் எழுந்தார். கையில் கோடு போட்ட பள்ளிக்கூட நோட்டு. அதே இடத்தில் முன்பு இருந்த பாரின் சத்தத்தைத் தேதி, மணியோடு எழுதி வைத்திருந்தார். கத்தவில்லை, நாலு வரி வாசித்துவிட்டு உட்கார்ந்துவிட்டார். தலைவர் கண்ணாடியைக் கழற்றி, "நேரத்தைப் பற்றி ஏதாவது யோசிக்க முடியுமா?" என்றார். அப்போது அவர் பார்த்தது அண்ணனை இல்லை, என்னை. வார நாட்களில் பன்னிரண்டு என்று வாய் சொல்லிவிட்டது. இரண்டு நிமிடத்தில் அது நிபந்தனைத் தாளில் ஏறியது. அண்ணன் கையெழுத்துப் போட்டார்.

அவர் போட்டாரே, மறுத்திருக்கலாமே என்று பல ராத்திரி எனக்கு நானே சொல்லிக்கொண்டிருக்கிறேன். அத்தனை பேர் பார்க்கும்போது, தன் ஆளே சொன்ன வார்த்தையை ஒரு மனிதன் எப்படி மறுப்பான்? ஒரு நிமிடம் வெளியே போய்ப் பேசிவிட்டு வருகிறோம் என்று கேட்டிருந்தால் விட்டிருப்பார்கள். வேறு ஆட்களுக்காக எத்தனையோ தடவை கேட்டிருக்கிறேன்.

மறுபக்கமும் உண்டு. போர்டு எதிர்த்து எழுதியிருந்தால் விசாரணையில் பொதுநலனை விளக்குவது சாதாரண வேலை இல்லை. மாதக்கணக்கில் இழுக்கும். பூட்டின கடைக்கு வாடகை நிற்காது. பன்னிரண்டு மணிவரையாவது கடை திறந்திருக்கிறதே! இதைச் சொன்னால் எல்லோரும் தலையாட்டுகிறார்கள், அண்ணனைத் தவிர.

தலையாட்டுகிறவர்களிடம் சொல்லாத ஒன்று இருக்கிறது. அதே உட்குழு முன்னால் நான் மாதாமாதம் வேறு வேறு ஆட்களோடு போய் நிற்கிறவன். அண்ணன் ஒரே ஒரு தடவை வந்தவர். விட்டுக்கொடுக்கத் தெரிந்தவன் என்று அங்கே எனக்கு ஒரு பெயர் இருக்கிறது. அந்தப் பெயரை அன்றைக்கு அவருடைய இரண்டு மணி நேரத்தைக் கொடுத்து வாங்கிக்கொண்டேனோ? இல்லை என்றுதான் தோன்றுகிறது. ஆனால் அந்த நோட்டைப் பார்த்ததும் எனக்கு வந்தது இரக்கமா, தலைவர் முகம் சுளிப்பாரே என்ற பயமா என்று கேட்டால் சட்டென்று பதில் வரமாட்டேன் என்கிறது.

அதற்கப்புறம் புது ஆட்களிடம் முதல் நாளே சொல்லிவிடுகிறேன், நீங்கள் தலையசைக்காமல் நான் எதையும் ஒப்புக்கொள்ள மாட்டேன் என்று. போன மாதம் ஒருவர் தலையசைக்கவே இல்லை. நானும் வாயைத் திறக்கவில்லை. போர்டு எதிர்த்து எழுதிவிட்டது. "உங்களுக்குத்தான் அனுபவம், நீங்க ஏன் சார் சும்மா இருந்தீங்க?" என்று வெளியே வந்ததும் கேட்டார்.

போன வாரம் அண்ணன் கூப்பிட்டார். நேரத்தை இரண்டு மணியாக மாற்றக் கேட்க வேண்டுமாம். அதற்கும் போர்டுக்கு 30 நாள் அறிவிப்பு, அதே அறை, அதே தலைவர். மூன்றாவது மாடியில் அந்தப் பெண் இன்னும் இருக்கிறார், இந்த இரண்டு வருடத்தில் ஒரு புகார்கூட வரவில்லை. அது எங்களுக்குச் சாதகமா, பன்னிரண்டுக்குச் சாதகமா?

"இந்தத் தடவை நான் பேசிக்கிறேன். நீ பக்கத்துல சும்மா உட்காரு, போதும்," என்றார். வர்றேண்ணே என்றேன். மற்றதைச் சொல்லவில்லை.