கூட்டல் குறி எந்தப் பக்கம்?

ஜூன் 3
ஆரக்கிள் டேட்டாபேஸின் குவெரிகளை (தரவைக் கேட்கும் கட்டளைகளை) போஸ்ட்கிரெஸ் என்ற இன்னொரு டேட்டாபேஸுக்கு மாற்றும் வேலை. ரிப்போர்ட்டைத் திறந்தால் எங்கே பார்த்தாலும் (+). இரண்டு டேபிள்களை இணைக்கும்போது ஜோடி இல்லாத வரியையும் விடாமல் வைக்கும் அவுட்டர் ஜாயினுக்கு ஆரக்கிளின் பழைய குறி. ஆரக்கிள் 9ஐ வந்த 2001லிருந்தே இதையே லெஃப்ட் ஜாயின் (இடது டேபிள் முழுசாக வரும் இணைப்பு) என்று எழுதலாம்; ஆனாலும் கை பழகியதை யாரும் விடவில்லை.

ஊழியர்.எண் = விடுப்பு.ஊழியர்_எண் (+)

குறி எந்த டேபிளில் வரி இல்லாமல் போகலாமோ அந்தப் பக்கம் நிற்கும். லீவே எடுக்காத ஊழியரும் பட்டியலில் வருவார், விடுப்பு டேபிளின் நெடுவரிசைகளில் நல் (NULL, மதிப்பே இல்லாத நிலை) இருக்கும். பாதியை மட்டும் புது முறைக்கு மாற்றிப் பார்த்தால் ஆரக்கிள் ஓஆர்ஏ-25156 என்று கத்துகிறது. ஒரே குவெரியில் இரண்டையும் கலக்கக் கூடாதாம்.

ஜூன் 4
அடுத்தது சைபேஸ் என்ற இன்னொரு டேட்டாபேஸ். இங்கே அவுட்டர் ஜாயினுக்குக் குறி *=. நட்சத்திரம் முழுசாக வரவேண்டிய டேபிள் பக்கம் இருக்கும், ஆரக்கிளுக்கு நேர் எதிர். இரண்டையும் ஒரே நாளில் படித்தால் தலை சுற்றும். மைக்ரோசாஃப்டின் எஸ்கியூஎல் சர்வரும் இதே வம்சம்தான்; 2005 பதிப்பின் சொந்த கம்பாட்டிபிலிட்டி லெவலிலேயே (எந்தப் பதிப்பைப் போல நடக்க வேண்டும் என்ற அமைப்பு) இதை ஏற்க மறுத்துவிட்டது.

ஜூன் 6
இன்று முழுக்க ஃபில்டர்தான்.

விடுப்பு.வருடம் (+) = 2024

இந்த (+) இருந்தால் நிபந்தனை ஜாயினுக்குள் போகிறது. மாற்றும்போது 'ஆன்' (ON, எப்படி இணைப்பது என்று சொல்லும்) பகுதியில் எழுத வேண்டும். (+) இல்லாவிட்டால் 'வேர்' (WHERE, இணைத்த பிறகு வடிகட்டும்) பகுதியில். நல் எதற்கும் சமமாகாது, அதனால் 'வேர்' பகுதியில் வருடத்தைக் கேட்ட உடனேயே லீவு எடுக்காதவர்கள் பட்டியலைவிட்டுப் போய்விடுவார்கள். பெயருக்குத்தான் அவுட்டர், வேலை இன்னர் (ஜோடி உள்ள வரி மட்டும் வரும்). எர்ரர் எதுவும் வராது என்பதுதான் கடுப்பு.

*= இன்னும் மோசம். லீவு எடுக்காதவர்களை மட்டும் பிடிக்க 'இஸ் நல்' போட்டால் அதையும் ஜாயினோடு சேர்த்துப் பார்த்துவிட்டு, எல்லா ஊழியர்களையும் கொண்டுவந்து கொட்டும். எஸ்கியூஎல்-92 தரம் (குவெரி மொழியின் 1992 பொது விதி) 'ஆன்' என்று தனி இடம் கொடுத்ததே எனக்குப் பெரிய உபகாரம்.

ஜூன் 10
ஃபுல் ஜாயின் (இரண்டு டேபிளும் முழுசாக வரும் இணைப்பு) மைசீக்வல் டேட்டாபேஸில் கிடையாது. லெஃப்டையும் ரைட்டையும் (வலது டேபிள் முழுசாக வருவது) யூனியனால் ஒட்டு என்பார்கள். சரி, ஆனால் உண்மையிலேயே இரண்டு முறை வரவேண்டிய வரியையும் யூனியன் ஒன்றாக்கிவிடும். எதையும் ஒன்றாக்காத யூனியன் ஆல் போட்டு, ரைட் பகுதியில் இடது டேபிளின் சாவி NULL ஆக இருப்பதை மட்டும் எடுப்பதே சரி. எஸ்கியூலைட் என்ற டேட்டாபேஸுக்கு ரைட், ஃபுல் இரண்டும் வந்ததே 2022ல், 3.39 பதிப்பில். ரைட் ஜாயின் எனக்கு எப்போதும் பிடிக்காது, டேபிளை இடம் மாற்றி லெஃப்ட் ஆக்கிவிடுவேன்.

ஜூன் 12
ஆரக்கிளில் வெற்றுச் சரமும் (ஓர் எழுத்தும் இல்லாத உரை) நல்தான், போஸ்ட்கிரெஸில் இல்லை. ஆகவே குறிப்பு நெடுவரிசை NULL தானா என்று கேட்டு லீவு எடுக்காத ஆளைப் பிடித்த குவெரிகளையெல்லாம் விடுப்பின் பிரைமரி கீயை (ஒவ்வொரு வரிக்கும் உள்ள தனிச் சாவியை) கேட்பதாக மாற்றினேன். வரிகளை எண்ணும் கவுண்ட் ஸ்டாரும் (COUNT(*)) அப்படித்தான்: லீவே எடுக்காதவருக்கு 1 என்று காட்டும், அதே கீயை எண்ணினால் 0. நாளை பேரோல் ரிப்போர்ட்டில் கை வைக்கிறேன்.