ரொறன்ரோவுக்கு வரும் விஞ்ஞானக் கதைப் பித்தர்களுக்கு

விமானத்துக்குப் பெட்டி கட்டும்போது நிறை கூடினால் முதலில் வெளியே வருபவை புத்தகங்கள்தான். ஊறுகாய்ப் போத்தலை யாரும் எடுப்பதில்லை. விஞ்ஞானக் கதைகளைத் தேடித் தேடிச் சேர்த்தவர்களுக்கு அந்த இழப்பு நெடுநாள் உறுத்தும். ரொறன்ரோவுக்கு வருகிறவர்கள் அதற்காக அதிகம் கவலைப்படத் தேவையில்லை. இந்த ஒரு வகை எழுத்துக்கென்றே தனிச் சேகரம் வைத்திருக்கிற பொது நூலகம் இங்கே இருக்கிறது. வந்த கையோடு கடைக்கு ஓடிப் புத்தகமும் வாசிப்புக் கருவியும் வாங்குவதுதான் பெரும்பாலானோர் செய்யும் வீண்செலவு. முதலில் நூலக அட்டை, மற்றதெல்லாம் பிறகு.

ரொறன்ரோ நகர எல்லைக்குள் வசிப்பவர்கள், வேலை செய்பவர்கள், படிப்பவர்கள், சொத்து உள்ளவர்கள் எல்லோருக்கும் அட்டை இலவசம். பெயரும் முகவரியும் காட்டும் ஆவணம் வேண்டும். புதிதாக வந்தவர்கள் சிக்குவது இந்த இடத்தில்தான். நிலக்கீழ் வீட்டில் வாடகைக்கு இருப்பவர்களுக்கு மின்சாரக் கட்டணம் வீட்டுக்காரர் பெயரில் வரும், வாடகை ஒப்பந்தமும் வாய்ப்பேச்சோடு நின்றிருக்கும். வங்கிக் கணக்கு திறக்கும் அன்றே அந்த முகவரியைக் கொடுத்து, முகவரி அச்சான கணக்குக் கூற்று ஒன்றை வாங்கிவைத்தால் நூலகத்துக்கு மட்டுமல்ல, வேறு பல அலுவல்களுக்கும் உதவும். ரொறன்ரோவின் கிழக்குப் பகுதியான ஸ்காபரோவில் ஸ்டீல்ஸ் அவென்யூவைத் தாண்டி வடக்கே போனால் அது மார்க்கம்; அங்கே வேறு நூலகம், வேறு அட்டை. மார்க்கத்தில் வீடும் ஸ்காபரோவில் வேலையும் என்றால், வேலைக்கான சான்றைக் காட்டி ரொறன்ரோ அட்டையும் எடுக்கலாம். இரண்டும் இருந்தால் இரண்டு சேகரங்கள் கையில். மின்னூலுக்கு வரிசையில் நிற்கும்போது இதன் அருமை விளங்கும்.

நகரத்தில் 100 கிளைகள். எந்தக் கிளையில் உள்ள புத்தகத்தையும் வீட்டுக்குப் பக்கத்துக் கிளைக்கு வரவழைக்கலாம். தாமதக் கட்டணத்தை 2022இல் எடுத்துவிட்டார்கள். ஆனால் புத்தகம் தொலைந்தால் அதன் விலை கணக்கில் ஏறும், அதைக் கட்டாமல் விட்டால் அட்டை முடங்கும். தொடர் நாவல் வாசிப்பவர்களுக்கு இன்னொரு தொல்லை உண்டு. மூன்று பாகங்களுக்கும் ஒரே நாளில் பதிந்தால் மூன்றாம் பாகம் முதலில் வந்து நிற்கும், ஏனென்றால் முதற்பாகத்துக்குத்தான் எப்போதும் ஆட்கள் அதிகம். முதற்பாகம் கைக்கு வரும்வரை மற்ற இரண்டு பதிவுகளையும் தற்காலிகமாக நிறுத்திவைக்கலாம். வரிசையில் உங்கள் இடம் போகாது.

மின்னூல்களுக்கு லிபி (Libby) என்ற செயலி. அதில் நீங்கள் காத்திருந்த நூல் வந்தால் மூன்று நாட்களுக்குள் எடுக்க வேண்டும், இல்லாவிட்டால் அடுத்தவருக்குப் போய்விடும். ஊரில் இருந்து கிண்டில் கொண்டுவந்தவர்கள் அதிலேயே நூலகப் புத்தகம் வாசிக்கலாம் என்று நினைப்பார்கள். அந்த வசதி அமெரிக்க நூலகங்களுக்கு மட்டும்தான், கனடாவில் வேலை செய்யாது. அமெரிக்காவில் இருக்கும் உறவினர் சொன்னதை நம்பி இங்கே கிண்டில் வாங்கி ஏமாறுகிறவர்கள் பலர். இங்கே வாங்குவதென்றால் கோபோ (Kobo) வாசிப்புக் கருவிதான் பொருத்தம். அது இந்த நகரத்திலேயே தொடங்கிய நிறுவனம். கருவியின் கணக்கு அமைப்புக்குள் போனால் ஓவர்டிரைவ் என்று ஒரு வரி இருக்கும், அதில் நூலக அட்டை இலக்கத்தையும் கடவுச்சொல்லையும் கொடுத்துவிட்டால் போதும். அதன்பின் கடன் வாங்கும் நூல் நேரே கருவிக்கு வரும், தவணை முடிந்ததும் தானாகப் போகும். ஒலிநூல் மட்டும் இந்த வழியில் வராது, அதற்குக் கைபேசியில் லிபிதான் வேண்டும். இரவு வேலைக்குப் போகிறவர்கள் ஒலிநூலை வீட்டு வைஃபையில் முன்கூட்டியே இறக்கிவைப்பது நல்லது. கனடாவில் கைபேசித் தரவுக்குக் கொடுக்கும் காசு அப்படி.

நூலகப் பட்டியலில் தமிழ்ப் புத்தகம் தேடுவது தனிக் கலை. சுஜாதாவின் பெயரை நாம் ஆங்கிலத்தில் எழுதும் வழக்கப்படி 'எஸ்' எழுத்தில் தொடங்கித் தட்டினால், புத்தகம் இருந்தும் கண்ணில் படாமல் போகக்கூடும். வட அமெரிக்க நூலகங்கள் பின்பற்றும் எழுத்துப்பெயர்ப்பு முறையில் தமிழ்ச் சகரம் 'சி' என்ற ஆங்கில எழுத்தாகிவிடும், தகரத்துக்கு 'எச்' சேராது. ஆகவே சி-யு-ஜே-ஏ-டி-ஏ (CUJATA) என்று தட்டிப் பார்க்க வேண்டும். நெடிலுக்கு மேலே போடும் கோட்டைத் தேடும்போது விட்டுவிடலாம். சந்திரன், செல்வம் என்று தொடங்கும் தலைப்புகளுக்கும் இதே கதைதான். தமிழ் எழுத்திலும் ஒருமுறை தேடிவிட்டுக் கைவிடுங்கள், அதற்கு முன் வேண்டாம்.

இனி, முதலில் சொன்ன அந்தத் தனிச் சேகரம். மெரில் சேகரம் என்று பெயர். கொலிஜ் வீதி 239ஆம் இலக்கத்தில் உள்ள லில்லியன் எச். ஸ்மித் கிளையின் மூன்றாம் மாடி. வாசலின் இரு புறமும் சிறகு முளைத்த பெரிய வெண்கல விலங்குகள் நிற்பதால் கட்டடத்தைத் தவறவிட முடியாது. இதைத் தொடக்கிவைத்த ஜூடித் மெரிலும் நம்மைப் போல வந்து சேர்ந்தவர்தான். அமெரிக்காவில் பெயர்பெற்ற விஞ்ஞானக் கதை எழுத்தாளராகவும் தொகுப்பாசிரியராகவும் இருந்தவர், வியட்நாம் போர்க் காலத்தில் தன் நாட்டு அரசின் போக்குப் பிடிக்காமல் 1968இல் கனடாவுக்கு வந்தார். 1970இல் தன்னிடமிருந்த ஏறத்தாழ 5,000 நூல்களையும் இதழ்களையும் நகர நூலகத்துக்குக் கொடுத்தார். இன்று அங்கே 80,000க்கு மேல். 1990இல்தான் சேகரத்துக்கு அவர் பெயர் வைத்தார்கள். பெட்டி பெட்டியாகப் புத்தகத்தோடு எல்லை தாண்டிய ஒருவரின் கொடையை, எல்லாவற்றையும் விட்டுவிட்டு வந்தவர்கள் இருந்து வாசிக்கிறார்கள்.

இங்குள்ள எதையும் வீட்டுக்குக் கொண்டுபோக முடியாது. பெரும்பகுதி உள்ளறையில் இருக்கும், கேட்டால் பணியாளர் எடுத்துவருவார். சும்மா போய் 'பழைய இதழ் ஏதாவது' என்று நின்றால் பயனில்லை. வாசிக்க விரும்பும் சிறுகதை எந்த இதழில், எந்த மாதம் வந்தது என்று முதலில் தெரிய வேண்டும். அதற்கு ஐஎஸ்எஃப்டிபி (ISFDB) என்ற இணையத் தரவுத்தளம் இருக்கிறது. கதைத் தலைப்பைக் கொடுத்தால் அது முதலில் அச்சான இதழ், ஆண்டு, மாதம், பின்னர் இடம்பெற்ற தொகுப்புகள் எல்லாம் வரும். அவற்றைக் குறித்துக்கொண்டு, அந்த இதழ் அங்கே இருக்கிறதா என்று நூலகப் பட்டியலில் பார்த்து, திறந்திருக்கும் நேரத்தையும் உறுதி செய்துகொண்டு போங்கள். கிளை திறந்திருக்கும் எல்லா நேரமும் மூன்றாம் மாடியும் திறந்திருக்கும் என்று நினைக்க வேண்டாம்.

1926 ஏப்ரலில் தொடங்கிய 'அமேசிங் ஸ்டோரீஸ்' என்ற விஞ்ஞானக் கதை இதழின் காலத்து இதழ்கள் மலிவான மரக்கூழ்த் தாளில் அச்சானவை. அந்தத் தாளில் உள்ள லிக்னின் என்ற மரப்பொருள் காற்றும் வெளிச்சமும் பட்டு அமிலமாக மாறுவதால் ஓரம் பழுத்து, தொட்டால் அப்பளம் போல நொறுங்கும். ஆகவே முதுகை மடக்கி முழுதாக விரிக்கக் கூடாது. மெத்தைத் தாங்கி தந்தால் அதில் வைத்துப் பாதி திறப்பிலேயே வாசிக்க வேண்டும். பக்கத்தைக் கீழ் மூலையில் நிமிண்டாமல், மேல் ஓரத்தில் விரலை நுழைத்துத் திருப்ப வேண்டும். படம் எடுக்க விரும்பினால் முதலில் கேளுங்கள், கமராவின் மின்னொளியை அணைத்துவிடுங்கள். அட்டைப்படத்தை மட்டும் பார்த்துவிட்டு மூடிவிடாதீர்கள். பின்பக்கத்து விளம்பரங்களும் வாசகர் கடிதங்களும் சில நேரம் கதையைவிடச் சுவையானவை. இந்த வகை எழுத்தின் ரசிகர் கூட்டம் உருவானதே கடிதத்துக்குக் கீழே முகவரியை அச்சிட்ட அந்தப் பக்கங்களில்தான்.

ஸ்காபரோவில் இருந்து வருகிறவர்கள் கென்னடி நிலையத்தில் ஏறி ஸ்பதைனா நிலையத்தில் இறங்கி, 510ஆம் இலக்கத் தெருரயிலில் தெற்கே போனால் கொலிஜ் வீதி. வழியில் ஹார்போர்ட் நிறுத்தம் வரும். இறங்கி மேற்கே சில அடி நடந்தால் 84ஆம் இலக்கத்தில் பக்கா-பீனிக்ஸ், 1972 முதல் விஞ்ஞானக் கதைகளும் மிகைபுனைவும் விற்கும் கடை. ரொபர்ட் சோயர், டான்யா ஹஃப் போன்றவர்கள் எழுத்தாளர்களாவதற்கு முன்போ எழுதத் தொடங்கிய காலத்திலோ இங்கே வேலை பார்த்தவர்கள். பயண அட்டையைத் தட்டிய நேரத்தில் இருந்து இரண்டு மணித்தியாலத்துக்கு ஒரே கட்டணம்தான், இடையில் இறங்கி ஏறலாம். கடையைப் பார்த்துவிட்டு நூலகத்துக்குப் போக அந்த நேரம் தாராளம். முதலில் நூலகத்துக்குப் போனால் மூன்றாம் மாடியை விட்டு எழும்ப மனம் வராது, கடை பூட்டிவிடும். கடையில் கேட்டு வாங்குங்கள். அங்கே வேலை செய்பவர்கள் வாசிப்பவர்கள். 'இது பிடித்தது, அடுத்தது என்ன' என்று கேட்டால் இணையத்தின் பரிந்துரையைவிட நல்ல பதில் கிடைக்கும்.

இந்த நகரத்தைக் களமாகக் கொண்ட நாவல்களில் இருந்து தொடங்குவது வந்து குடியேறியவர்களுக்கு இரட்டை இலாபம், தெருப் பெயர்களும் பழகிவிடும். ஜமேக்காவில் பிறந்து பதின்ம வயதில் இங்கே வந்த நாலோ ஹொப்கின்சனின் முதல் நாவல் 1998இல் வந்தது. வசதி படைத்தவர்கள் கைவிட்டு ஓடிய ரொறன்ரோ நடுநகரில், கரீபியப் பாட்டிமாரின் மருந்தும் மந்திரமும் உயிர்பிழைக்க உதவும் எதிர்காலக் கதை. அதன் உரையாடல்கள் கரீபிய ஆங்கிலத்தில் இருப்பதால் முதல் 30 பக்கம் கடினமாக இருக்கும். வாய்விட்டு வாசித்தால் பிடிபடும். சோயரின் 2000ஆம் ஆண்டு நாவல் ஒன்றில் வேற்றுக்கிரக வாசி ஒருவர் குயீன்ஸ் பார்க் பக்கத்து ரோயல் ஒன்ராறியோ அருங்காட்சியகத்துக்கு வந்து இறங்கி, தொல்லுயிரியல் ஆய்வாளரைத் தேடுவார். மிக எளிய ஆங்கிலம். ஆங்கிலத்தில் நாவல் வாசித்துப் பழகாதவர்கள் இதில் இருந்து தொடங்கலாம்.

பார்ப்பதற்கு வருவோம். ஊரில் இருந்து டிவிடி இயக்கியைச் சுமந்து வருவதில் பொருளில்லை. இங்கே மின்சாரம் 120 வோல்ட், அங்கே 230. அதைச் சமாளித்தாலும் வட அமெரிக்க வட்டுகள் முதலாம் வலயம், இந்தியாவில் இருந்து வருவது ஐந்தாம் வலயம்; நூலகத்தில் எடுக்கும் வட்டை அது ஏற்காது. கணினி இயக்கியில் வலயத்தை மாற்றலாம், ஆனால் ஐந்து தடவைதான். ஐந்தாவது மாற்றத்தோடு அது அந்த வலயத்திலேயே நின்றுவிடும்.

திரையரங்கில் உச்சரிப்புத்தான் சிக்கல். விண்கலத்துக்குள் தலைக்கவசத்தோடு பேசும் வசனம் ஆங்கிலத்தில் தேர்ந்தவர்களுக்கே பாதிதான் கேட்கும். சினிபிளெக்ஸ் அரங்குகளில் கெப்டிவியூ என்ற சிறு கருவி இலவசமாகக் கிடைக்கும். வளைக்கக்கூடிய தண்டின் நுனியில் ஒரு குட்டித் திரை, அடிப்பகுதி இருக்கையின் கோப்பைக் குழியில் செருகப்படும். திரையைப் படத் திரைக்குச் சற்றுக் கீழே வருமாறு வளைத்துவைத்தால் தலையை ஆட்டாமல் இரண்டையும் பார்க்கலாம். வாங்கும்போது எந்த மண்டபம் என்று சொல்ல வேண்டும். வேறு மண்டபத்துக்கு அமைத்துத் தந்தால் எழுத்தே வராது. விளம்பரம் ஓடும்போது வெறுமையாக இருந்தால் பரவாயில்லை, படம் தொடங்கியும் வராவிட்டால் உடனே வெளியே போய் மாற்றுங்கள். வெட்கப்பட ஒன்றுமில்லை, செவ்வாய்க்கிழமை மலிவு விலையில் போனால் செலவும் குறைவு.

கொஞ்ச நாளில் திரையில் தெரியும் எதிர்காலம் எல்லாம் பார்த்த இடமாக இருக்கும். 'தி எக்ஸ்பான்ஸ்' தொடரை இந்த நகரத்தில்தான் எடுத்தார்கள். 1989இல் வந்த 'ஸ்டார் ட்ரெக்' அத்தியாயம் ஒன்றில் வேற்றுலக வாசல் திறக்கும்போது ஒரு கணம் தெரிவது ரொறன்ரோ நகரசபையின் இரட்டை வளைவுக் கட்டடம். ஸ்காபரோவில் உள்ள ரொறன்ரோப் பல்கலைக்கழக வளாகத்தின் வெற்றுக் கொங்கிரீட் சுவர்கள் 2013இல் வந்த டெனி வில்நெவ் படம் ஒன்றில் இருக்கின்றன. தமிழ் இருக்கை அமைந்திருக்கும் அதே வளாகம்தான்.

மலிவாகப் புத்தகம் கிடைக்க, விஞ்ஞானக் கதை விருதுகளுக்கு வாக்களிப்பது பலருக்குத் தெரியாத வழி. கனடாவின் அரோரா விருதுக்குக் குடியுரிமை உள்ளவர்களும் நிரந்தர வதிவிட உரிமை உள்ளவர்களும் 10 டொலர் கட்டி உறுப்பினராகலாம். இறுதிப் பட்டியலில் உள்ள பல படைப்புகள் மின்னூலாக உறுப்பினருக்கு வரும். ஒரு புத்தகத்தின் விலைகூட இல்லை. மாணவர் அனுமதியில் இருப்பவர்களும் அகதிக் கோரிக்கை முடியாதவர்களும் இதில் சேர முடியாது. அவர்களுக்கு உலக விஞ்ஞானக் கதை மாநாட்டில் வழங்கும் ஹியூகோ விருது இருக்கிறது, அங்கே யாரும் எந்த நாட்டுக் கடவுச்சீட்டு என்று கேட்பதில்லை. மாநாட்டுக்குப் போகாமலே வாக்களிக்கும் உறுப்புரிமை சுமார் 50 அமெரிக்க டொலர், விசா வேண்டாம். பரிந்துரைப்பதற்கு ஜனவரி முடிவதற்குள் சேர்ந்திருக்க வேண்டும், பிந்திச் சேர்ந்தால் இறுதி வாக்கு மட்டும்தான். வாக்குச் சீட்டில் பிடித்த ஒழுங்கில் இலக்கமிட வேண்டும். 'விருது இல்லை' என்றும் ஒரு வரி இருக்கும். பரிசுக்குத் தகாது என்று நினைப்பதை அதற்குக் கீழே போடலாம். வாசிக்காததை அப்படிக் கீழே தள்ளாதீர்கள்; அந்த வரிக்கு இலக்கமிட்டால், இலக்கமிடாமல் விட்டதும் அதற்குக் கீழே போட்டதாகவே எண்ணப்படும்.